பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி: கோளாறு எப்போது வருகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்

பழைய ஃபோர் வீல் டிரைவ் டிரக்கை முதன்முதலாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெரிய டயர், உயரம் தூக்கும் ஸ்பிரிங், முன்னால் ஒரு வின்ச் என்றுதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். அதெல்லாம் பிறகு வரட்டும். இருபது முப்பது வருஷம் ஓடிய வண்டியில் முதலில் தெரிய வேண்டியது, மிதித்தால் நிற்கிறதா, திருப்பிய பக்கம் போகிறதா, சூடேறாமல் ஓடுகிறதா என்பதுதான். நான்கு சக்கரமும் இழுக்கிறதா என்ற கேள்விகூட அதற்கு அப்புறம்தான்.

கோளாறு தேடுவதில் ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். ‘சத்தம் வருகிறது’ என்பதோடு நிற்காதீர்கள். எப்போது வருகிறது? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? நேராகப் போகும்போதா, திருப்பும்போதா? ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா? வண்டியின் வேகத்தோடு கூடுகிறதா, எஞ்சின் சுற்றோடு கூடுகிறதா? இவற்றுக்குப் பதில் எழுதி வைத்தால் பாதிப் பாகங்கள் சந்தேகத்திலிருந்து விலகிவிடும். பதில் இல்லாமல் பாகம் மாற்ற இறங்கினால் நல்லதைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கெட்டதை உள்ளேயே விட்டுவிடுவோம்.

வாங்கப் போகும்போதே தெரியும் அறிகுறிகள்

நீங்கள் போய்ச் சேரும்போது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருக்கிறது. இது ஓர் அறிகுறி. குளிர்ந்த எஞ்சினில் தெரியும் ஸ்டார்ட்டிங் சிரமம், வெள்ளைப் புகை, தட்டும் சத்தம் எல்லாம் சூடானதும் மறைந்துவிடும். இன்னொரு நாள் வருகிறேன், ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்புவதில் தவறே இல்லை.

அடியில் எட்டிப் பார்த்தால் சேசிஸ் முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சு. உள்ளே துரு இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே பாருங்கள். சிறு சுத்தியலால் சேசிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருவேறிய இடம் மொத்தென்று சொல்லும், சில சமயம் உள்ளே செதில் உதிரும் சத்தமும் கேட்கும். லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் பிராக்கெட்டைச் சுற்றிலும், பின் சக்கரத்துக்கு மேலே சேசிஸ் வளையும் இடத்திலும், ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட் ஆகும் இடத்திலும் நேரம் எடுத்துத் தட்டுங்கள். பழைய லேண்ட் ரோவர் என்றால் பாடியைப் பார்த்து ஏமாறக் கூடாது. 1948இல் முதல் வண்டி வந்தபோதே பாடி அலுமினியம், சேசிஸ் இரும்பு. வெளியே பளபளவென்று இருக்கும், அடியில் சேசிஸ் கரைந்திருக்கும். அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியமும் வெள்ளைப் பொடியாக அரிக்கும்.

எஞ்சின் கோளாறோ கியர் பாக்ஸ் கோளாறோ வாங்கிய பிறகு சரிசெய்யக்கூடியது. ஸ்டியரிங் பாக்ஸ் பக்கத்தில் விரிசல் விட்ட சேசிஸ், தாளில் உள்ளதோடு ஒத்துப்போகாத சேசிஸ் நம்பர், இந்த இரண்டில் ஒன்றைக் கண்டாலும் புதியவர் திரும்பி வந்துவிடுவதுதான் சரி.

அடியில் படுக்கும் முன்

இது அறிகுறி அல்ல, ஆனால் இதைத் தாண்டிக் கீழே உள்ள எதையும் செய்ய வேண்டாம். டிரான்ஸ்ஃபர் கேஸின் (கியர் பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) லீவர் நியூட்ரலில் இருந்தால், முதல் கியரில் போட்டு நிறுத்திய வண்டிகூட உருளும். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் அப்போது தொடர்பே இல்லை. அடுத்தது, லேண்ட் ரோவர் சீரீஸ், பழைய டிஃபெண்டர் போன்ற வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின்னால் போகும் ஷாஃப்டில் இருக்கிறது. ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால் டிஃபரன்ஷியல் (இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் தொகுதி) வழியாக அந்தச் சக்கரம் பின்னோக்கிச் சுற்ற, தரையில் இருப்பது முன்னோக்கி உருளும். ஹேண்ட் பிரேக் பிடித்தபடியே வண்டி நகர்ந்துவிடும். ஆகவே தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள்.

சாவியைத் திருப்பினால் ‘டிக்’ சத்தம் மட்டும்

செல்ஃப் மோட்டாரைக் கழற்றும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் சுமார் 12.6 காட்டும். 12.2க்கு வந்தால் ஏறக்குறையப் பாதிதான் மிச்சம். பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் சுற்றவில்லையா? மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் (கிளாம்ப்பில் அல்ல, ஈய முனையிலேயே) இன்னொன்றை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதை கெட்டிருக்கிறது. பழைய வண்டிகளில் எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் போகும் அந்தப் பின்னல் எர்த் ஒயரை யாரும் பார்ப்பதே கிடையாது. சேசிஸில் அது உட்காரும் இடத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மாட்டினாலே செல்ஃப் சுறுசுறுப்பாகிவிடும். விளக்கு மங்குவது, டெம்பரேச்சர் முள் தாறுமாறாக ஆடுவது எல்லாம் கூடவே சரியாவதும் உண்டு.

ஸ்டார்ட் ஆன பிறகு பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள், பெல்ட்டில் தொடங்கி.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

டீசல் எஞ்சின் என்று வைத்துக்கொள்கிறேன். பழைய டிரக்குகளில் நிறைய டீசல்தான். ஒருவரை அடிக்கச் சொல்லிவிட்டுச் சைலன்சர் வாயைப் பாருங்கள். புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளையாக வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை.

போகவில்லை என்றால் முதலில் சாவியை ஆன் செய்து, டீசல் பம்ப்பில் உள்ள ஸ்டாப் சொலினாய்டு (டீசலைத் திறந்து மூடும் மின் வால்வு) ‘டக்’ என்கிறதா என்று கேளுங்கள். அதற்கு மின்சாரம் வரவில்லை என்றால் மற்ற எதுவும் உதவாது. அடுத்த சந்தேகம் ஏர் லாக். இரவு நிறுத்திவைத்தால் காலையில் பிடிக்காமல், ஹேண்ட் பம்ப்பை அடித்த பிறகு உடனே பிடிக்கிறது என்றால் எங்கோ காற்று உள்ளே போகிறது. டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் உள்ள பழைய ரப்பர் ஹோஸும் கிளிப்பும் டீசல் ஃபில்டரின் சீலும்தான் வழக்கமான இடங்கள். டீசல் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போகலாம், ஏனென்றால் அந்தப் பகுதியில் உறிஞ்சல்தான் இருக்கிறது, அழுத்தம் இல்லை. பம்ப்புக்கு முன்னால் ஒரு துண்டு தெளிவான டீசல் ஹோஸைத் தற்காலிகமாக மாட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

எரியவில்லை, அதுவும் குளிரில் மட்டும்தான் என்றால் குளோ பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டருக்குள் சூடேற்றும் மின்பாகம்). சூடான பிறகும் அதே சிரமம் என்றால் கம்ப்ரஷன், இன்ஜெக்டர், டைமிங் என்று பெரிய வேலைகளின் பக்கம் போக வேண்டியிருக்கும்.

இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எஞ்சினில் டைமிங் பெல்ட் இருந்து, அதை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு எழுத்து ஆதாரம் இல்லையென்றால், அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். அறுவதற்கு முன் பெரும்பாலும் சத்தம் கொடுக்காது.

புகையின் நிறம்

கறுப்பு: டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகும், அதிலிருந்து தொடங்குங்கள். நீலம்: எஞ்சின் ஆயில் எரிகிறது. நீண்ட இறக்கத்தில் காலை எடுத்து இறங்கிவிட்டு மறுபடி மிதிக்கும்போது குபீரென்று நீலம் வந்தால் வால்வு கைடு, சீல் பக்கம் சந்தேகம். ஏற்றத்தில் பாரத்தோடு தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் பக்கம். டர்போ உள்ள எஞ்சின் என்றால் அதன் சீலையும் பட்டியலில் வையுங்கள். வெள்ளை சூடான பிறகும் நிற்காமல், இனிப்பு வாசனையோடு வந்தால் கூலண்ட் எரிகிறது. அப்போது அடுத்த பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

சூடேறுகிறது

மெதுவாகப் போகும்போதும் நிற்கும்போதும் மட்டும் சூடேறினால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். ஃபேன், ஃபேன் கிளட்ச், ஃபேனைச் சுற்றியுள்ள கூண்டு, இவற்றைப் பாருங்கள். அந்தப் பிளாஸ்டிக் கூண்டை யாராவது கழற்றி எறிந்திருந்தால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கவாட்டுக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். வேகமாகப் போகும்போதும் ஏற்றத்திலும் சூடேறினால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், அல்லது வெளியே துடுப்புகளில் சேறு இறுகியிருக்கலாம். ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரத்திலேயே முள் ஏறினால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். அதைக் கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால், அதன் மேலேயே அச்சிட்டிருக்கும் வெப்பநிலையை ஒட்டித் திறப்பது தெரிய வேண்டும். பெரும்பாலும் 80 டிகிரியைக் கொஞ்சம் தாண்டியதும் திறக்கத் தொடங்கும்.

ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. அதற்குக் கையாலேயே ஒரு சோதனை உண்டு. இரவு முழுக்கக் குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து மூடிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு நிமிஷத்துக்குள், தண்ணீர் இன்னும் குளிர்ந்தே இருக்கும்போது, மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். அது கல்லாக இறுகியிருந்தால் சிலிண்டரிலிருந்து வாயு கூலண்டுக்குள் வருகிறது. சூட்டால் வரும் அழுத்தத்துக்கு அந்த நேரம் போதாது. ஆயில் டிப்ஸ்டிக்கில் மோர் நிறம் தெரிந்தால் சந்தேகம் உறுதியாகிறது. ஆனால் ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெளிறிய பசை இருப்பது குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரம் படிவதாலும் வரும். அதை வைத்து ஹெட்டைத் திறந்துவிட வேண்டாம். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியை எக்காரணத்துக்கும் திறக்கக் கூடாது.

பிரேக்

பெடல் பஞ்சு போல இருந்து, பம்ப் செய்தால் உயர்கிறது: லைனில் காற்று. அல்லது டிரம் பிரேக்கில் ஷூ இடைவெளி அதிகம். காலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தால் பெடல் மெல்லக் கீழே இறங்குகிறது, வெளியே எங்கும் ஒழுகவில்லை: மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் விடுகிறது.

ஒரு பக்கம் இழுக்கிறதா? டிரம்மைக் கழற்றி ஈரம் இருக்கிறதா பாருங்கள். கந்தக வாசனையோடு பிசுபிசுப்பாக இருந்தால் கியர் ஆயில், அதாவது ஆக்ஸில் சீல் போயிருக்கிறது. அந்த நாற்றம் இல்லாத வழுவழுப்பு என்றால் வீல் சிலிண்டர். எதில் ஊறியிருந்தாலும் அந்த ஷூவைத் துடைத்துப் போட முடியாது, இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்ற வேண்டும். சீலை மாற்றும்போது ஆக்ஸிலின் மேலே உள்ள பிரீதரையும் (உள்ளே உள்ள காற்று வெளியேறும் சிறு துளை) பாருங்கள். அது சேற்றால் அடைந்திருந்தால், ஓடும்போது சூடாகும் ஹவுசிங்குக்குள் அழுத்தம் ஏறிப் புதுச் சீலையும் தாண்டி ஆயிலை வெளியே தள்ளும்.

ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறது, தூக்கிச் சுற்றினால் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றால் அந்தச் சக்கரத்தின் பிளீடு நிப்பிளைக் கொஞ்சம் திறங்கள். உடனே சக்கரம் லேசாகச் சுற்றினால் அழுத்தம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கி, போன பிரேக் ஆயிலைத் திரும்பவிடாமல் தடுக்கிறது. திறந்தும் இறுக்கமாகவே இருந்தால் பிஸ்டனோ ஷூவோ துருவேறி நின்றுவிட்டது. டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வயது தெரியாத ஆயிலை முழுவதுமாக மாற்றிவிட்டுத்தான் முதல் பயணம்.

ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டியரிங் வெறிபிடித்தது போல் உதறுகிறது

முன் ஆக்ஸில் ஒரே தண்டாக உள்ள வண்டிகளில் வரும் கோளாறு இது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சிறு அதிர்வு போதும், இரண்டு முன் சக்கரமும் இடமும் வலமும் அடிக்கத் தொடங்கி, வேகத்தை நன்றாகக் குறைக்கும்வரை நிற்காது. அப்படி வந்தால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிதானமாக வேகத்தைக் குறையுங்கள்.

பலர் முதலில் ஸ்டியரிங் டேம்பரைத்தான் மாற்றுகிறார்கள். புது டேம்பர் உதறலைக் கொஞ்ச நாள் மறைக்கும், எங்கோ உள்ள ஆட்டம் அப்படியே இருக்கும். அதைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். சக்கரங்கள் தரையில் இருக்கட்டும், கட்டை கொடுத்துவிடுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாக, விடாமல் அசைக்க வேண்டும். நீங்கள் அடியில் ஒவ்வொரு டை ராட் எண்டின் (ஸ்டியரிங்கைச் சக்கரங்களோடு இணைக்கும் கம்பியின் முனை மூட்டு) மேலும் விரலை வையுங்கள். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதித்து அசையும் மூட்டு விரலுக்கு உடனே தெரியும். ஸ்டியரிங் பாக்ஸ் சேசிஸிலிருந்து நகர்கிறதா, ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கக் குறுக்கே போகும் பேன்ஹார்டு ராடின் புஷ் ஆடுகிறதா என்பதையும் அதே நேரத்தில் பாருங்கள்.

அடுத்து சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தின் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கூட்டாளியைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையவில்லை என்றால் கிங் பின் (சக்கரம் திரும்பும் அச்சு) பக்கம். 9, 3 இடங்களில் மட்டும் ஆடினால் டை ராட். இவ்வளவும் இறுக்கமாக இருந்து உதறினால்தான் டயர் பேலன்ஸ், பிறகு கேஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. யாராவது வண்டியை உயரம் தூக்கியிருந்தால் கேஸ்டர் குறைந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

கியர் போட்டு கிளட்ச் விட்டதும் ‘டொக்’, ஓட்டத்தில் அதிர்வு

புரொப்பல்லர் ஷாஃப்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். யூ ஜாயின்ட்டிலேயே (ஷாஃப்டின் முனையில் உள்ள சிலுவை மூட்டு) அசைவு தெரிந்தால் அது போய்விட்டது. அதன் கிண்ணங்களைச் சுற்றிச் செம்பொடி படிந்திருந்தால் உள்ளே ஊசி பேரிங் வறண்டு துருவாகிறது. மெதுவாகப் போகும்போது தாளம் தவறாமல் ‘கீச் கீச்’ என்பதும் அதே ஜாயின்ட்டுதான். ஷாஃப்டைக் கழற்றும் முன் இரண்டு பாதியிலும் நேர்க்கோடாக ஒரு குறி போடுங்கள். திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் இல்லாத அதிர்வு புதிதாக வரும்.

அதிர்வு வரும் வேகத்தில், காலியான நேர்ச் சாலையில், நியூட்ரலுக்குத் தள்ளிப் பாருங்கள். தொடர்ந்தால் சக்கரம், டயர் அல்லது ஷாஃப்ட். நின்றால் எஞ்சின், கிளட்ச் பக்கம். ஊளைச் சத்தம் ஆக்சிலரேட்டரை மிதிப்பதற்கும் விடுவதற்கும் ஏற்ப மாறினால் டிஃபரன்ஷியலின் பினியன் பக்கம். வளைவில் ஒரு பக்கம் சாயும்போது மாறினால் வீல் பேரிங்.

ஃபோர் வீல் விழவில்லை, அல்லது விழுந்தது வெளியே வரவில்லை

டேஷ்போர்டில் 4டபிள்யூடி விளக்கு எரிகிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். டிரான்ஸ்ஃபர் கேஸில் ஒரு சுவிட்ச் அமுங்கியிருக்கிறது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை.

தேவைப்படும்போது மட்டும் முன் சக்கரத்தை இணைக்கும் வகை, முன் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் ஃப்ரீ, லாக் என்று கையால் திருகும் குமிழ் உள்ள வண்டி என்றால், எஞ்சின் ஓடாமலே கோளாறை இரண்டாகப் பிரித்துவிடலாம். சமதரையில் நிறுத்தி, கட்டை கொடுத்து, இரண்டு ஹப்பையும் ஃப்ரீயில் வையுங்கள். லீவர் 2எச்சில் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) இருக்கும்போது முன் ஷாஃப்டைக் கையால் திருகினால் அது சுற்ற வேண்டும். கொஞ்சம் கனமாக, ஆனால் சுற்றும். இப்போது லீவரை 4எச்சுக்கு (நான்கும் இழுக்கும் நிலை) தள்ளுங்கள். பல் பொருந்தாமல் நின்றால் ஷாஃப்டைக் கொஞ்சம் அசைத்தால் உட்காரும். மறுபடி திருகினால் சிறு விளையாட்டைத் தவிர நகரக் கூடாது. நகராமல் நின்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் தன் வேலையைச் செய்கிறது, கோளாறு ஹப்பிலோ முன் ஆக்ஸிலிலோ இருக்கிறது. 4எச்சிலும் தாராளமாகச் சுற்றினால் லீவரின் இணைப்புகள், வேக்கம் மூலம் இயங்குவது என்றால் அதன் வெடித்த ஹோஸ்கள், கடைசியாகக் கேஸின் உள்பகுதி. வருஷக்கணக்கில் யாரும் தொடாத லீவர் அடியில் துருவேறி நிற்பது ரொம்ப சகஜம். எண்ணெய் விட்டு, மெல்ல அசைத்து, பொறுமையாகப் பழக்குங்கள்.

ஹப்பைச் சோதிக்க முன் சக்கரம் இரண்டையும் தூக்கி, லீவரை 2எச்சுக்குக் கொண்டுவந்து, லாக்கில் திருகி ஒரு சக்கரத்தைச் சுற்றுங்கள். மறுபக்கச் சக்கரமோ முன் ஷாஃப்டோ சேர்ந்து நகர வேண்டும். எதுவும் நகராமல் இந்தச் சக்கரம் மட்டும் சுற்றினால் இந்த ஹப்பிலோ அந்தப் பக்கத்து ஹப்பிலோ பிடிப்பு இல்லை. இரண்டையும் கழற்றுங்கள். காய்ந்து கெட்டியான கிரீஸ்தான் காரணமாக இருக்கும். சுத்தம் செய்து, மெல்லியதாகப் புதுக் கிரீஸ் பூசினால் பெரும்பாலும் உயிர்பெறும். நிறையக் கிரீஸ் அடைத்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

லீவர் 4எச்சிலிருந்து வெளியே வர மறுக்கிறதா? வண்டி உலர்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலில் ஓடியதா என்று யோசியுங்கள். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட பாதையில் போகின்றன. நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில் இரண்டு ஷாஃப்டும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருக்கின்றன. சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தை விட்டுவிடும். தாரில் வழுக்க இடமில்லாமல் ஷாஃப்டுகளிலும் கியர்களிலும் முறுக்கு ஏறி, லீவரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். லீவரை உதைக்க வேண்டாம். கொஞ்ச தூரம் நேராக ரிவர்ஸ் போங்கள், அல்லது சரளையில் ஏற்றுங்கள், லீவர் தானாக இளகும். நான்கு டயரும் ஒரே சுற்றளவில் இல்லாவிட்டால் நேர்ச் சாலையிலேயே இந்த முறுக்கு ஏறும். பழைய வண்டியில் முன்னால் இரண்டு புதுசு, பின்னால் இரண்டு தேய்ந்தது என்ற நிலை அடிக்கடி இருக்கும் என்பதால் டேப்பை வைத்து அளந்துவிடுங்கள்.

இன்னொன்று, கோளாறே இல்லாத கோளாறு. பள்ளத்தில் மாட்டியிருக்கிறீர்கள், 4எல்லில்தான் (நான்கும் இழுக்கும் குறைந்த வேகக் கியர்) இருக்கிறது, ஆனால் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் குறுக்காகச் சும்மா சுழல்கின்றன, வண்டி நகரவில்லை. சாதாரண டிஃபரன்ஷியல் பிடிப்பில்லாத சக்கரத்துக்கே சுழற்சியை விட்டுக்கொடுக்கும், அதன் இயல்பு அது. டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறக்க அவசியமில்லை. டயர் காற்றைக் குறைப்பது, தூக்கி நிற்கும் சக்கரத்தின் அடியில் கல் கொடுப்பது, இவைதான் அங்கே வேலை.

4எல் பாரத்தில் தானாக வெளியே குதித்தால் முதலில் லீவர் முழுத் தூரம் போகிறதா என்று பாருங்கள். கேபின் மவுன்ட் ரப்பர் அமுங்கி, தளத்து ஓட்டையில் லீவர் இடித்து, கடைசி அரை அங்குலம் போகாமல் நிற்கலாம். அதுவும் சரி என்றால் கேஸின் டிரெய்ன் பிளக்கைத் திறங்கள். காந்த முனையில் மெல்லிய சாம்பல் பசை இருந்தால் கவலையில்லை. விரலில் எடுக்கக்கூடிய துண்டு இரும்பு வந்தால் பல் உடைந்திருக்கிறது, கேஸைத் திறந்தாக வேண்டும். ஆயில் பால் நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. பிரீதரைச் சுத்தம் செய்து அதன் ஹோஸை உயரமாகக் கொண்டுபோய்க் கட்டுங்கள், வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் ரகத்திலேயே புது ஆயில் ஊற்றுங்கள், சில நாள் ஓட்டிவிட்டு அதையும் இறக்கிப் பாருங்கள். நிறம் தெளிந்திருந்தால் இன்னொரு முறை நிரப்பி மூடிவிடலாம். மறுபடி வெளுத்திருந்தால் தண்ணீர் வரும் வழி இன்னும் திறந்தே இருக்கிறது. அடுத்து ஷாஃப்ட் வெளியே வரும் இடத்து சீல்களைப் பாருங்கள்.